மறு: பழைய வண்டியை மின்சாரத்துக்கு மாத்தி ஒப்புதல் வாங்குறதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

இழையை மொத்தமா படிச்சேன். நிறைய நல்ல சொல் வந்திருக்கு, ஆனா எல்லாரும் ஒரே சொல்லைத் தேடிட்டு இருக்கோம். இதுல ஒண்ணுக்கொண்ணு சேராத நாலஞ்சு விஷயம் இருக்கு, அதுதான் சிக்கல்னு நினைக்கிறேன்.

> "மின்மாற்றம்"னே வச்சிடலாம், சின்னதா இருக்கு.

ஐயா, சின்னதா இருக்குன்றது சரிதான், ஆனா மின்மாற்றின்னா டிரான்ஸ்ஃபார்மர்னு பள்ளிப் புத்தகத்துலயே ஊறிப்போன சொல். "மின்மாற்றச் சோதனை அறிக்கை"னு ஒரு தாளுக்குத் தலைப்பு போட்டா எலெக்ட்ரிக்கல் படிச்ச யாரும் முதல்ல டிரான்ஸ்ஃபார்மரைத்தான் நினைப்பாங்க. மின்மயமாக்கமும் எனக்கு ஒத்துவரல, அது ரயில் பாதைக்கு, ஊருக்குன்னு ஒரு முழு அமைப்புக்கே சொல்லிப் பழகினது. ஒரே ஒரு பழைய காரோட எஞ்சினைக் கழட்டி மோட்டார் வைக்கிறதுக்கு அது ரொம்பப் பெரிய சொல்.

> மின்னுந்து + ஆக்கம் = மின்னுந்தாக்கம்

இலக்கணப்படி அழகா புணருது, ஆனா வேகமா படிக்கிறவங்க கண்ணுக்கு "தாக்கம்" தனியா பிரிஞ்சு தெரியும். மின்தாக்கம்னா ஷாக் அடிக்கிறது. ஹை வோல்டேஜ் பாதுகாப்பைப் பத்தின ஒரு ஆவணத்துல இந்தக் குழப்பம் வரவே கூடாது. "உந்துமாற்றம்" எனக்குப் பிடிச்சிருந்துச்சு, ஆனா பேருந்து, மகிழுந்து, சரக்குந்துன்னு உந்துன்னாலே வண்டின்னு ஆகிப்போச்சு, அதனால பழைய வண்டியைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்குற எக்ஸ்சேஞ்ச் மாதிரி கேக்குது.

என்னோட பரிந்துரை மின்னியக்க மாற்றம். இயக்கம்னு சொல்லும்போது எது மாறுதுன்னு தெளிவா வருது, வண்டி அதே வண்டி, அதை இயக்குறது மட்டும் மாறுது. மின்னியக்கு விசைன்னு இயற்பியல் புத்தகத்துல ஏற்கனவே இருக்குறதால காதுக்கும் புதுசு இல்ல. பேச்சுல வினையாவும் வரும், "மின்னியக்கத்துக்கு மாத்தின வண்டி"ன்னு மெக்கானிக்கே சொல்லிடலாம். பேசும்போது வாயில வராத கலைச்சொல் அகராதியிலயேதான் கிடக்கும். "மாற்று"ன்னு எழுத வேண்டாம், "மாற்ற ஒப்புதல்"னே இருக்கட்டும், "மாற்று ஒப்புதல்"னா இன்னொரு ஒப்புதலுக்குப் பதிலா வாங்குறதுன்னு ஆகிடும்.

இப்ப முக்கியமான இடம். அனுமதி, ஒப்புதல், சான்று மூணையும் ஒண்ணாவே போட்டு எழுதுறோம், எனக்கு இது ரொம்ப உறுத்துது. நடைமுறையில முதல்ல மாத்தப்போறேன்னு பதிவு அலுவலகத்துக்குச் சொல்லி வாங்குறது ஒண்ணு, அது முன் அனுமதி. அப்புறம் வேலை முடிஞ்சதும் நிபுணர் வந்து பாத்து தரத்துக்கு ஒத்துவருதுன்னு சொல்றது ஒப்புதல். கடைசியா ஆர்.சி.யில பெட்ரோல்னு இருக்குறதை மின்சாரம்னு மாத்தி, காலி எடையையும் மாத்தி எழுதுறது பதிவுத் திருத்தம். எல்லா நாட்டுலயும் இந்த மூணும் இதே வரிசையில நடக்கணும்னு இல்ல, ஆனா சொல் மூணும் தனித்தனியா இருந்தாதான் நம்ம கையில இருக்குறது எந்தத் தாள், இன்னும் எது பாக்கின்னு மாத்துறவருக்குப் புரியும். தகுதிச் சான்றுன்ற சொல்லை இங்க கொண்டுவராதீங்க, அது எஃப்.சி.க்குப் போயிடுச்சு.

ஒப்புதல்லயும் ரெண்டு வகை இருக்கு, வகை ஒப்புதல், தனி ஒப்புதல். இழையில ஒருத்தர் இந்தப் பிரிவு எதுக்கு, குழப்பம்தானேன்னு கேட்டிருந்தார். காரணம் பேட்டரிதாங்க. மின் வண்டிகளோட பாதுகாப்புக்கான ஐ.நா.வோட ஆர்100 விதி பேட்டரித் தொகுதியை அதிர்வு, வெப்ப அதிர்ச்சி, மோதல் அதிர்ச்சி, வெளித்தீ, ஷார்ட் சர்க்கியூட், ஓவர்சார்ஜ், அளவுக்கு மீறின டிஸ்சார்ஜ், அதிக வெப்பம்னு வரிசையா சோதிக்கச் சொல்லுது. இதுல சிலது பேட்டரியையே அழிச்சிடும். சொந்தமா ஒரே ஒரு தொகுதி கட்டினவர் அதைத் தீயில வச்சுக் காட்டிட்டு வண்டியில எதை வைப்பார்? அதனாலதான் நிறைய பேர் ஏற்கனவே ஒப்புதல் வாங்கின மின்காரோட பேட்டரியை எடுத்து வைக்கிறாங்க, இல்லன்னா மாத்துறதுக்கு வேண்டிய பாகங்களை ஒண்ணா சேத்து விக்கிற, ஏற்கனவே சோதிச்ச கிட்டா வாங்கிப் பொருத்துறாங்க. பிரான்ஸ்ல 2020 மார்ச்ல வந்த ஆணை இதே யோசனைதான், 5 வருஷம் தாண்டின கார்களுக்கு சாம்பிளா ஒரு வண்டியில கிட்டைப் பொருத்தி ஒப்புதல் வாங்கிட்டா, அப்புறம் அதே வகை வண்டிகள்ல அதே கிட்டைப் பட்டறைகள் பொருத்தலாம். அது வகை ஒப்புதல். ஒரே ஒரு வண்டியை ஆய்வாளர் முழுசா பாத்து கையெழுத்துப் போடுறது தனி ஒப்புதல். ரெண்டும் வேற வேலை, வேற செலவு, பொறுப்பு ஏத்துக்குற ஆளும் வேற, இதுக்கு ஒரே சொல் வச்சா படிக்கிறவங்களுக்கு நாமே தப்பான வழி காட்டின மாதிரி.

ஆய்வுக்கான சொற்களைச் சுருக்கமா சொல்றேன். இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் = மின்காப்புத் தடை, ஆர்100ல டிசி பக்கம் ஒரு வோல்ட்டுக்கு குறைஞ்சது 100 ஓம், ஏசி பக்கம் 500 ஓம். 60 வோல்ட் டிசிக்கு மேல, இல்ல 30 வோல்ட் ஏசிக்கு மேல போனா "உயர் மின்னழுத்தம்"னு அந்த விதி கணக்கு வைக்குது, வீட்டு மின்சாரக் கணக்கை மனசுல வச்சிட்டு இதைப் படிக்கக் கூடாது, அதனால வாகன உயர் மின்னழுத்தம்னு முழுசா எழுதலாம். கெர்ப் வெயிட்டுக்குக் காலி எடை போதும், எடைமேடையில சொல்ற சொல்தான். ஆனா முன் அச்சுல எவ்வளவு, பின் அச்சுல எவ்வளவு எடை இறங்குதுன்னு சொல்ல அச்சு எடைன்னு தனியா ஒரு சொல் கட்டாயம் வேணும், ஏன்னா மொத்த எடை கொஞ்சம்தான் ஏறியிருந்தாலும் பேட்டரி எல்லாம் பின்னாடி போய் உக்காந்தா பிரேக் பிடிக்கும்போது வண்டி நடந்துக்குற விதமே மாறிடும். ஃபோக்ஸ்வாகன் 2019ல காட்டின மின் பீட்டில் 36.8 கிலோவாட் ஹவர் பேட்டரியோட 1,280 கிலோ, அதுக்காகவே அடிப்பகுதியையும் பிரேக்கையும் பலப்படுத்தினாங்க. அதே மாதிரி பிரேக்கை லேசா மிதிச்சாலே பிடிக்க உதவுற வேக்யூம் பூஸ்டர் இருக்குற வண்டியில எஞ்சின் போனா வேக்யூமும் போயிடும், தனி மின் பம்ப் வைக்கணும், மறந்தா பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆகிடும். வெற்றிடப் பம்ப்னே சொல்லலாம்.

> "மரபு வாகன மின்மாற்ற ஒப்புதல்"னு முழுப் பேரா வைக்கலாமா?

இதுக்குத்தான் நான் உறுதியா மாட்டேன்னு சொல்றேன் அண்ணா. மரபு வாகனம்னா அது வயசை மட்டும் சொல்றது இல்ல, அது ஒரு பதிவு நிலை. உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 30 வருஷம் ஆகணும், வரலாற்றுப்படி சரியான நிலையில இருக்கணும்னு சொல்லுது, எஞ்சினை எடுத்துட்டு மோட்டார் வச்ச வண்டி அந்த வரையறைக்குள்ள வராதுன்னும் சொல்லியிருக்கு. ஜெர்மனியில 30 தாண்டின அசல் வண்டிக்கு நம்பர் கடைசியில ஹெச் எழுத்து கொடுக்குறாங்க. இந்தியாவுல 2021 விண்டேஜ் விதி 50 வருஷம் கேக்குது, அசல் வடிவத்துலயும் இருக்கணும்னு சொல்லுது. அப்ப மாத்தி முடிச்ச நிமிஷத்துல இந்த மரபு நிலை பெரும்பாலும் கைவிட்டுப் போகுது. அதனால "மரபு வாகன"ன்னு அடைமொழி சேத்தா கிடைக்காத ஒண்ணைக் கிடைக்கும்னு சொன்ன மாதிரி ஆகிடும். பழைய வாகன மின்னியக்க மாற்ற ஒப்புதல்னு எழுதுவோம். நீளம்தான், ஆனா பொய் இல்ல.

ஆனா மரபு நிலை போகுறதும் வண்டியோட அடையாளம் போகுறதும் ஒண்ணு இல்ல, இதையும் சொற்கள்ல பிரிச்சுக் காட்டணும். பிரிட்டன்ல ரொம்ப காலமா இருந்த புள்ளிக் கணக்கைப் பாருங்க, சேஸிஸுக்கு, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொண்ணுக்கும் 2, எஞ்சினுக்கு வெறும் 1, அசல் சேஸிஸோட மொத்தத்துல 8 இருந்தா பழைய பதிவை வச்சுக்க முடிஞ்சது. எஞ்சினும் கியர்பாக்ஸும் போனாலும் 11 மிச்சம் இருக்கு. பேட்டரிக்கு இடம் வேணும்னு சேஸிஸையும் வெட்டினா 6க்கு இறங்கிடும், அப்ப அது பழைய வண்டியே இல்லன்னு ஆகிடும். இதுக்கு பதிவு அடையாளம்னு ஒரு சொல் வைக்கலாம்.

இதோட சேந்து வர்றது மீள்தகு மாற்றம். ஆஸ்டன் மார்ட்டின் 2018ல ஒரு பழைய டிபி6 வண்டியில காட்டினது இதுதான், அசல் எஞ்சினும் கியர்பாக்ஸும் உக்காந்திருந்த அதே மவுண்ட்டுல மின் தொகுதியைப் பொருத்தி, வேணும்னா பழைய எஞ்சினைத் திரும்ப வைக்கலாம்னாங்க. வேதியியல்ல மீள் வினைன்னு படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு துளைகூடப் புதுசா போடாம மாத்துறவரையும் வெல்டிங் வச்சு வெட்டித் தள்ளுறவரையும் ஒரே சொல்லால கூப்பிடுறது மொதல் ஆளுக்கு அநியாயம்.

கிட் என்பதுக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் கிடைக்கல. "பொருத்துதொகுதி"ன்னு போட்டுப் பாத்தேன், பேட்டரித் தொகுதியோட முட்டுது. யாருக்காவது தோணினா எழுதுங்க, இல்லன்னா கிட்னே விட்டுட்டு மத்த சொற்களை விக்கியில ஏத்திடலாம்.

அன்புடன்