அனஸ்டமோசிஸ் லீக்: ‘தையல் பிரிதல்’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

‘அனஸ்டமோசிஸ் லீக்’ என்பதற்கு, அதாவது அறுவையில் வெட்டிச் சேர்த்த குடலின் இணைப்பில் ஏற்படும் கசிவுக்கு, முந்தைய மடலில் ‘தையல் பிரிதல்’ என்ற தமிழ்ச்சொல்லை முன்மொழிந்திருந்தீர்கள். எளிய சொல்தான். ஆனால் அதைக் கேட்கும் நோயாளி, ‘நான் இருமியதால் பிரிந்ததோ, சீக்கிரம் எழுந்து நடந்ததாலோ’ என்று நொந்துபோவார். அந்தப் பழியை ஒரு சொல் சுமத்தக் கூடாது.

குடலை ஏன் வெட்டிச் சேர்க்கிறார்கள்? சூலகப் புற்றுநோய் வயிற்றுக்குள் இருக்கும் மெல்லுறை மேல் பரவி, பெருங்குடலின் கடைப்பகுதியில் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. கண்ணுக்குத் தெரியும் கட்டி எதையும் மிச்சம் வைக்காமல் எடுப்பதே அறுவையின் நோக்கம். அதனால் குடலிலும் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்க்கிறார்கள். நூலோ ஸ்டேப்ளர் பின்னோ அவற்றைச் சில நாள் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். திசு தானே கூடி ஆற வேண்டும். அதற்கு நல்ல இரத்த ஓட்டம் வேண்டும், உடலில் சத்து வேண்டும்.

இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் குறைந்திருந்தாலோ, ஒரே அறுவையில் குடலை இரண்டு மூன்று இடங்களில் வெட்டிச் சேர்த்திருந்தாலோ, சேர்த்த இடம் ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தாலோ, இடுப்புப் பகுதிக்கு முன்பே கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ கசியும் வாய்ப்பு கூடுகிறது. பெவாசிசுமாப் என்னும் புற்றுநோய் மருந்து புண் ஆறுவதைத் தடுப்பதால், பெரிய அறுவைக்குப் பிறகு குறைந்தது 28 நாள் கழித்தே தொடங்குகிறார்கள். இவற்றில் எதுவும் இருமலோ நடையோ அல்ல.

அறுவையின்போதே அடிவயிற்றில் நீர் நிரப்பி, குடலுக்குள் காற்றைச் செலுத்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதுண்டு. ஒரு குமிழிகூட வராமல் இருந்தும், சில நாள் கழித்துக் காய்ச்சல், நாடி வேகம், வயிற்றுவலி என்று கசிவு தலைகாட்டலாம். தையல் அப்படியே இருக்க, திசு ஆறாமல் போயிருக்கும்.

மூலச்சொல்லில் இருக்கும் ‘ஸ்டோமா’வுக்குக் கிரேக்கத்தில் வாய் என்று பொருள். புண்வாய், குடத்தின் வாய் என்று நாமும் சொல்கிறோமே! ஆகவே ‘வாயிணைப்புக் கசிவு’ என் பரிந்துரை.

மறுமடல்:

‘தையல்’ வேண்டாம் என்பதை ஏற்கிறேன், ஐயா. ஆனால் ‘வாயிணைப்பு’ என்றால் உதட்டிலோ அண்ணத்திலோ அறுவை என்று எண்ண மாட்டார்களா? ‘குடலிணைப்புக் கசிவு’ போதாதா?

பதில்:

போதும். நான் கவனிக்காத இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கசிந்தாலும் பாதிப்பு கடுமையாகாதிருக்க, மலத்தைத் தற்காலிகமாக வயிற்றின் மேல் திருப்பிவிடும் திறப்பை ‘குடல்வாய்’ என்கிறோம். என் சொல் அதோடு குழம்பும். இரத்தக் குழாய்களைச் சேர்ப்பதும் அனஸ்டமோசிஸ்தான். அதைக் ‘குழாயிணைப்பு’ என்போம், இதைக் ‘குடலிணைப்பு’ என்போம். ‘வாயிணைப்பு’ பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.