கடைசி பிரியாணி டோக்கன் யாருக்கு? – என் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ

கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பணப் பரிமாற்ற மென்பொருள் செய்கிற ஒரு பெங்களூரு கம்பெனி இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. அடுத்து போகப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஆன்லைன் டெஸ்ட் ஹேக்கர்ரேங்க் என்ற கோடிங் தேர்வுத் தளத்தில் நடந்தது. அர்ரே (எண்கள் போன்றவற்றின் வரிசை), ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), ஹேஷ்மேப் (ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு என்று குறித்துவைக்கும் பட்டியல்) மூன்றும் கை பழகியிருந்தால் தாண்டிவிடலாம்.

முதல் டெக்னிக்கல் ரவுண்டில் வந்த கேள்வி இது: ஒரு வரிசையில் எண்கள் இருக்கின்றன. அடுத்தடுத்து வரும் எண்களைக் கூட்டினால் 7 வரும் துண்டுகள் எத்தனை? "மைனஸ் எண்கள் வருமா சார்?" என்றுதான் முதலில் கேட்டேன். எல்லாமே பிளஸ் என்றால் ஸ்லைடிங் விண்டோ (துண்டின் இரு முனைகளையும் முன்னே நகர்த்திக்கொண்டே போவது) போதும். மைனஸ் வந்தால் அது ஓடாது. "வரும்" என்றார். அப்படியானால் ப்ரிஃபிக்ஸ் சம்மும் (தொடக்கத்திலிருந்து அதுவரையான கூட்டுத்தொகை), ஒவ்வொரு தொகையும் எத்தனை முறை வந்தது என்று குறித்துவைக்க ஹேஷ்மேப்பும். 3, 4, -7, 7 என்று கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னார். விடை 3. மேப்பில் 0-க்கு 1 என்று முன்னாலேயே போட்டது ஏன் என்று கேட்டார். முதல் எண்ணிலிருந்தே தொடங்கும் துண்டு விட்டுப்போகாமல் இருக்கத்தான் என்றேன். சரி என்று அடுத்த ரவுண்டுக்கு அனுப்பினார்.

அடுத்த ரவுண்டுதான் முக்கியம். அதை எடுத்த மேடம் என் ரெஸ்யூமில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி டோக்கனுக்கு நான் செய்த ஆப் அது, ஃப்ளாஸ்க் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவுவது), மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) இரண்டையும் வைத்து எழுதியது.

"ஒரே ஒரு டோக்கன்தான் மிச்சம். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பட்டனை அழுத்துறாங்க. யாருக்குக் கிடைக்கும்?"

இருப்பைப் படித்துவிட்டு அப்புறம் குறைத்தால் இருவருக்கும் 1 என்றே தெரியும், இருவருக்கும் டோக்கன் போய்விடும். அதனால் 'இருப்பு 0-க்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை' என்று ஒரே அப்டேட் வரியில் எழுதி, டேபிளில் எத்தனை வரிசை (ரோ) மாறியது என்று பார்க்கிறேன். 0 என்றால் டோக்கன் தீர்ந்தது. இதைச் சொன்னதும் அவர் விடவில்லை. இரண்டு மாணவர்கள் டோக்கனை மாற்றிக்கொண்டால்? ஒருவரின் ட்ரான்ஸாக்‌ஷன் (ஒன்றாகவே முடிய வேண்டிய, இல்லையேல் ஒன்றாகவே ரத்தாக வேண்டிய வேலைகள்) முதல் வரிசையைப் பூட்டிவிட்டு இரண்டாவதற்குக் காத்திருக்கும், இன்னொருவருடையது நேர் எதிராகக் காத்திருக்கும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் நின்றுவிடும் இதுதான் டெட்லாக். இதை விளக்கும்போது என் ஆங்கிலம் தடுமாறியது. "தமிழ்லயே சொல்லுங்க" என்றார். அதன்பின் மடமடவென்று வந்தது: எப்போதும் சின்ன ஐடியிலிருந்து வரிசையாகப் பூட்டினால் அந்தச் சிக்கல் வராது, மீறி வந்தாலும் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லில் தகவலைச் சேமிக்கும் பகுதி) ஒன்றை ரோல்பேக் செய்துவிடும் (ரத்து செய்து பழைய நிலைக்குத் திருப்பிவிடும்), நாம் மறுபடி முயல வேண்டும்.

கடைசியாக, நெட் விட்டுப்போய் ஒரே ஆள் இருமுறை அழுத்தினால்? மாணவர் எண், தேதி இரண்டுக்கும் சேர்த்து யுனீக் கீ (அதே ஜோடி இரண்டாம் முறை பதிவாகாமல் தடுப்பது) போட்டிருக்கிறேன் என்றேன். மேடம் சிரித்தார். அவர்கள் கம்பெனியில் பணம் இருமுறை பிடிபடாமல் இருக்கவும் இதே பாணியில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் வைக்கிறார்களாம்.

லீட்கோடில் (கோடிங் பயிற்சித் தளம்) எத்தனை கேள்வி போட்டாய் என்று யாருமே என்னிடம் கேட்கவில்லை. அந்தப் பயிற்சி வேண்டும்தான், முதல் ரவுண்டுக்கு அதுதான் கைகொடுத்தது. ஆனால் கிட்ஹப்பில் (பலரும் கோட் பகிரும் தளம்) இறக்கிய அடுத்தவர் ப்ராஜெக்டை ரெஸ்யூமில் போட்டால் இந்த மாதிரிக் கேள்விகளில் மூன்றாவதைத் தாண்டுவதே கஷ்டம். சின்னதாக இருந்தாலும் நாலு பேர் நிஜமாகப் பயன்படுத்துகிற ஒன்றைச் செய்யுங்கள். அவர்கள் புகார் சொல்லச் சொல்லத்தான் யுனீக் கீ மாதிரி விஷயங்கள் உள்ளே வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

ஹெச்ஆர் ரவுண்ட் சம்பிரதாயம்தான். மறுநாள் வந்த லிஸ்ட்டில் என் பெயர் இருந்தது, செமஸ்டர் லீவில் சேர்கிறேன். டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்) பாடத்தில் ட்ரான்ஸாக்‌ஷன் யூனிட்டில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.