குடிநீரில் கால்சியம், மக்னீசியம் சேர்ப்பது: ‘கனியுப்பேற்றம்’ என்று சொல்லலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வடிகட்டி உப்பு நீக்கிய தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றைச் சேர்க்கும் ‘ரீமினரலைசேஷனுக்கு’த் தமிழ்ச்சொல் கேட்டு நான் எழுதி நான்கு நாள் ஆகிறது. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மறுகனிமமாக்கம், தாதுவூட்டல், கனிமச் செறிவூட்டல் என்ற மூன்றுக்கும்தான் ஆதரவு அதிகம். எனக்கு மூன்றுமே ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கேட்ட காரணத்தை முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,400 மில்லிகிராம். பொது ஆர்.ஓ. வடிகட்டியில் வடித்து வந்தால் 40. ‘தண்ணி சப்புன்னு இருக்கு, தாகமே அடங்கல’ என்று பெரியவர்கள் சொன்னதால், கால்சியமும் மக்னீசியமும் கரைந்து வரும் குடுவை ஒன்றைக் கடைசியில் மாட்டினோம். பலகையில் ‘உப்பு சேர்த்த குடிநீர்’ என்று எழுதி வைத்தேன். மறுநாளே ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் அம்மா ஒருவர் வந்து, ‘தம்பி, இதை நான் குடிக்கலாமா?’ என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. வீட்டில் உப்பு என்றால் சமையல் உப்புதானே. தவறு என் சொல்லில்.

இப்போது மூன்று சொற்களுக்கு வருகிறேன்.

கனிமமாக்கம் என்றால் ஒன்றைக் கனிமமாக மாற்றுவது. மண்ணில் நுண்ணுயிர்கள் இலைதழையைச் சிதைத்துக் கனிமச் சத்தாக்குவதற்கு அது பொருந்தும். தண்ணீர் எதுவாகவும் மாறவில்லை, அதில் சில உப்புகள் கரைகின்றன, அவ்வளவுதான். தாது என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். வேதியியல் பாடத்தில் அது உலோகம் எடுக்கும் பாறை, சித்த மருத்துவத்தில் உடலைத் தாங்கும் ஏழு தாதுக்கள். கடைத்தெரு விளம்பரங்களில் அந்தச் சொல் படும் பாடு உங்களுக்கே தெரியும். தண்ணீர் கேனில் ‘தாதுவூட்டிய’ என்று ஒட்டினால் வாங்குபவர் வேறு எதையோ நினைப்பார்.

செறிவூட்டல் ரேஷன் அரிசியால் நன்கு பழகிவிட்ட சொல். ஆனால் ‘ஊட்டல்’ இங்கே தேவையற்ற ஒரு வாக்குறுதியைக் கொடுக்கிறது. கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள ஒரு கட்டுரை, லிட்டருக்குக் குறைந்தது 20 மில்லிகிராம் கால்சியமும் 10 மில்லிகிராம் மக்னீசியமும் குடிநீரில் இருக்கட்டும் என்கிறது. 50 மில்லிகிராம் வரை கால்சியம் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த 50ஐயே எடுத்துக்கொண்டாலும், நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 100 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நம் நாட்டுப் பரிந்துரை 1,000. மீதி சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் மட்டும் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தண்ணீரால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டில் கால்சியம் குறைவாகக் கிடைப்பவர்களுக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு பெரிது. ஆனாலும் அது சத்துணவு இல்லை.

இன்னொன்று, எல்லா இடத்திலும் இதை உடம்புக்காகச் செய்வதில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் வடித்து எடுத்த வெறும் நீரை அப்படியே குழாயில் விட்டால் அது குழாயையும் அதன் சிமெண்டுப் பூச்சையும் அரித்துவிடும். அதனால்தான் கரியமில வாயுவைக் கரைத்துச் சுண்ணாம்புக்கல் படுகை வழியே விடுகிறார்கள், அல்லது சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். குழாயைக் காக்கும் வேலைக்கு ‘ஊட்டல்’ என்று எப்படிப் பெயர் வைப்பது?

சரி, ‘மறு’ வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. ஆர்.ஓ. எடுத்துவிடுவது சோடியம், குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாவற்றையும். நாம் சேர்ப்பது கால்சியம், மக்னீசியம் போன்ற ஒன்றிரண்டை மட்டும். போனது திரும்பி வரவில்லை. இஸ்ரேலின் அஷ்கெலோன் கடல்நீர் ஆலை 2005இல் தொடங்கியபோது சுண்ணாம்புக்கல்லால் கால்சியம் கிடைத்தது, மக்னீசியம் கிடைக்கவில்லை. அந்த நீர் பாய்ந்த தக்காளியிலும் துளசி வகைப் பயிரிலும் மக்னீசியக் குறை தெரிந்தது. ‘மறு’ என்ற முன்னொட்டு இந்த வேறுபாட்டை மூடி மறைத்துவிடுகிறது.

எனக்கு வழி காட்டியது யாழ்ப்பாணத்துச் சகோதரி எழுதிய ஒற்றை வரிதான். நம் பாடநூல்கள் ‘தாது உப்புகள்’ என்பதை அங்கே ‘கனியுப்புகள்’ என்று படிக்கிறார்களாம். எவ்வளவு நல்ல சொல்! உப்பு என்ற உண்மையும் இருக்கிறது, சமையல் உப்பு என்ற பயமும் இல்லை. சேர்ப்பதற்கு ‘ஏற்றம்’ நம்மிடம் ஏற்கெனவே உண்டு: ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம், மின்னேற்றம். ஆகவே ‘கனியுப்பேற்றம்’. வினையாகவும் வளையும்: கனியுப்பேற்றிய நீர், கனியுப்பேற்றும் குடுவை. எந்த உப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் கால்சியமேற்றம், மக்னீசியமேற்றம் என்று பிரித்துக்கொள்ளலாம். ‘கனியுப்பேற்றம் நடந்தது, ஆனால் மக்னீசியமேற்றம் நடக்கவில்லை’ என்று அஷ்கெலோன் கதையை ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது.

நீளம்தான் குறை, ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் ‘உப்பேற்றம்’ என்று சுருங்கினால் மறுபடி அந்த அம்மாவின் கேள்விக்கே வந்து நிற்போம். இதற்கு யாராவது வழி சொன்னால் நல்லது.

அப்புறம், ஆர்.ஓ. கருவியில் இருக்கும் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற திருகையும் இதே சொல்லுக்குள் சேர்க்கலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, மன்னிக்கவும், அதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் திருகு வடிக்காத தண்ணீரில் கொஞ்சத்தை வடித்த தண்ணீரில் கலக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றில் ஃபுளோரைடு உள்ள வீட்டில், அது ஃபுளோரைடையும் சேர்த்தே திருப்பிக் கொடுக்கும். மீட்டரில் எண் ஏறும், குடிப்பவர் நல்லது நடந்ததாக நம்புவார். அதற்கு ‘மூலநீர்க் கலப்பு’ என்று தனிப்பெயர் இருக்கட்டும். இரண்டும் ஒரே பெயரில் போனால் பாதிக்கப்படுவது குழந்தைகளின் பல்லும் எலும்பும்.

புதுப் பலகையை ஞாயிற்றுக்கிழமை எழுதக் கொடுக்கிறேன். ‘கனியுப்பேற்றிய குடிநீர் – கால்சியம், மக்னீசியம் சேர்த்தது, சமையல் உப்பு சேர்க்கவில்லை’ என்று இரண்டு வரி. மறுப்பு இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்.