கழுத்தோடு நின்றுபோன படம்: ஆன்டிகுவா சதுக்கத்தில் ஐந்து நாள்

குவாத்தமாலாவில் உள்ள ஆன்டிகுவா நகரத்துக்கு ஒரு பிப்ரவரியில் நண்பர்களுடன் போயிருந்தேன். அவர்கள் எரிமலை ஏறினார்கள். நான் ஐந்து நாளும் ஊர் நடுவே இருக்கும் சதுக்கத்தில் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று தினமும் கேட்டார்கள். இதற்குத்தான் வந்தேன். இப்படி உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள், முதலில் என்னுடையது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1543-இல் ஸ்பானியர்கள் இங்கே தலைநகரை அமைத்து மத்திய அமெரிக்காவை ஆண்டார்கள். 1773 நிலநடுக்கத்தில் ஊர் சரிந்தது. 1776-இல் தலைநகரை இன்றைய குவாத்தமாலா நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கைவிட்டுப் போனதால்தான் பழைய ஊர் அப்படியே தப்பியது. யாரும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. சதுக்கத்துக்குக் கிழக்கே பேராலயம், வடக்கே நகர மன்றம், தெற்கே ஆளுநர்களின் அரண்மனை, மேற்கே தூண்கள் வைத்த தாழ்வாரத்தில் கடைகள். நடுவில் பதினெட்டாம் நூற்றாண்டு நீரூற்று. அதில் நிற்கும் கடற்கன்னிகள் தங்கள் மார்பைப் பிடித்திருக்க, அங்கிருந்துதான் தண்ணீர் பீச்சுகிறது. அதன் முன்னால் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கேமராவையே முறைப்பதைப் பார்க்க வேண்டும்!

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நான் ஒரு நாளை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன். பேராலயத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. காலையில் எடுத்தால் கறுத்துத்தான் வரும். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் மஞ்சளும் வெள்ளையுமாக எழுந்து நிற்கும். அரண்மனைக்குப் பின்னால் தெரியும் அகுவா எரிமலை இதற்கு நேர்மாறு. காலையில் முழுசாகத் தெரிந்தது. மதியத்துக்குள் மேகத்தைப் போர்த்திக்கொண்டது.

காலை ஆறரைக்குப் பெருக்குபவர்கள். பிறகு சீருடைப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள், காலணி மெருகேற்றும் பையன்கள். நான் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். ஒரு பையன் என் காலைப் பார்த்தான், தன் பெட்டியைப் பார்த்தான், "மெருகேற்றட்டுமா?" என்று முகம் மாறாமல் கேட்டான். இருவரும் சிரித்துவிட்டோம். அவனை நான் படம் எடுக்கவில்லை. அந்த நாட்டில் வெளியாட்கள் குழந்தைகளைக் கடத்திப் போகிறார்கள் என்ற பயம் பழையது. 2000-ஆம் ஆண்டு, வடமேற்கு மலைப்பகுதியில் தோதோஸ் சாந்தோஸ் குச்சுமதான் என்ற ஊரில், அந்த வதந்தியால் திரண்ட கூட்டம் ஒரு ஜப்பானியச் சுற்றுலாப் பயணியையும் பஸ் ஓட்டுநர் ஒருவரையும் கொன்றுவிட்டது. ஆன்டிகுவா அப்படிப்பட்ட ஊர் அல்ல. ஆனாலும் பெற்றோர் பக்கத்தில் இல்லாத குழந்தை மீது லென்ஸைத் திருப்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

இனி, எழுத வந்த விஷயம். துணி விற்கும் பெண்கள் சதுக்கத்தில் நிறைய. மடித்த துணிகளைத் தலையிலும் தோளிலும் அடுக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் பெஞ்சு வருவார்கள். முதல் நாள் நான் தூரத்திலிருந்து, ஆளைக் கிட்டே இழுத்துக் காட்டும் 85 மி.மீ. லென்ஸில் திருட்டுத்தனமாக எடுத்தேன். ஒரு அம்மாள் கவனித்துவிட்டு, தோளில் கிடந்த துணியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. துணி இறங்கவே இல்லை. நான் கேமராவைப் பைக்குள் வைத்த பிறகுதான் இறங்கியது. அன்று மாலை சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவரிடமே போனேன். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் ஒரு கைப்பிடி. மேசை விரிப்பு ஒன்று வாங்கினேன், பேரம் பேசவில்லை (பேசியிருக்க வேண்டும் என்று பிறகு அவரே சொன்னார்). "புவேதோ?" (எடுக்கலாமா?) என்று கேமராவைக் காட்டினேன். சரி என்று நின்றார். நல்ல வெளிச்சம், கண்ணில் ஒரு பொட்டு ஒளி, பின்னணி கரைந்துபோய்... எனக்கே பெருமையாக இருந்தது. திரையைக் காட்டினேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். விரலால் திரையின் அடிப்பக்கத்தைத் தட்டினார். "இது எங்கே?" என்று தன் மார்பில் கை வைத்துக் காட்டினார். நான் முகத்தை நெருக்கி, கழுத்தோடு நிறுத்தியிருந்தேன். அவர் அணிந்திருந்தது வீப்பில் என்ற மேலாடை. இடுப்பில் பட்டை கட்டி இழுத்து நெய்யும் தறியில் அவரே நெய்தது. பக்கத்து ஊரான சான் அன்டோனியோ அகுவாஸ் கலியேன்தெஸ் அவருடையது. அந்த ஊர் நெசவில் பூவேலை உள்ளும் புறமும் ஒரே மாதிரி தெரியும். கீழ் விளிம்பைத் திருப்பிக் காட்டினார். முடிச்சு, தொங்கும் நூல், ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் நெய்ததாம். எந்த ஊர்க்காரி என்பதைச் சொல்லுவதே அதுதான். அதை வெட்டி எறிந்துவிட்டு மூக்கையும் சுருக்கத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

மடிப்பைச் சரிசெய்துகொண்டு, பாவாடைக் கச்சை தெரியும்படி நிமிர்ந்து நின்று, "இப்போது" என்றார். அந்தப் படத்தை ஊரிலேயே அச்சிட்டு மறுநாள் கொடுத்தேன். அந்தப் பகுதி மாயா மக்களின் கக்சிகெல் மொழியில் "மத்யோஷ்" என்றார். நன்றி. அடுத்த அரைமணியில் அவருடைய தோழிகள் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். கடைசி இரண்டு நாள் நான் அந்தச் சதுக்கத்தின் சம்பளமில்லாத புகைப்படக்காரன்.

ஊர்சுற்றி எழுதுவது:

அச்சுப்படம் கொடுப்பது நல்லதுதான், ஐந்து நாள் இருப்பவருக்கு. நான் ஒரு மதியம் மட்டும் இருந்தேன். காசு கொடுத்துத்தான் எடுத்தேன். படத்துக்குக் காசு கேட்டால் "இயல்பு போய்விட்டது" என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். துணி விற்கும் அம்மாள் நாள் முழுக்க வெயிலில் நடந்து பிழைக்கிறார். நாம் அவர் நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். ஐந்து குவெட்சால் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

எல்லாவற்றுக்கும் காசு செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சமூலா ஊர்த் தேவாலயத்துக்குள் படமே எடுக்கக் கூடாது. தரையெங்கும் பைன் இலை, ஆயிரக்கணக்கில் மெழுகுவத்தி, ஒவ்வொரு குடும்பமும் தரையில் அமர்ந்து வேண்டிக்கொண்டிருக்கும். எங்கள் குழுவில் ஒருவர் கைப்பேசியை இடுப்பு உயரத்தில் மறைத்துப் பிடித்தார். ஊர்க் காவலர் இருவர் வந்தார்கள். படங்களை அழிக்கச் சொல்லி, அழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவமானம்.

தவக்காலப் பயணி எழுதுவது:

நான் அதே ஆன்டிகுவாவில் மூன்று வாரம் ஸ்பானிஷ் படித்தேன், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரமும் சேர்ந்து வந்தது. அன்றாடம் என்று சதுக்கத்தை மட்டும் சொன்னால் போதாது. ஊர்வலம் போகும் தெருக்களில் இரவு முழுக்க வீட்டுக்காரர்கள் சாயம் ஏற்றிய மரத்தூளால் தரையில் கம்பளம் போடுவார்கள். அச்சுப்பலகை வைத்துச் சல்லடையில் சலித்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே தண்ணீர் தெளிப்பார்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட, பேரன்கள் பலகையில் குப்புறப் படுத்துப் பூ வரைவார்கள். ஊதா அங்கிக்காரர்கள் சிலைமேடையைச் சுமந்துகொண்டு அதன் மேலேயே நடந்து போவார்கள். பின்னாலேயே துப்புரவு வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போய்விடும்.

ஊர்வலத்தைப் படம் எடுக்க ஆயிரம் பேர். விடியற்காலை மூன்று மணிக்குச் சல்லடை பிடிப்பவர்களைப் படம் எடுக்க நான் மட்டும். ஒரு வீட்டில் கேமராவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் கையில் தெளிப்பானைக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரவு எடுத்த படங்கள் மொத்தம் ஏழு. தண்ணீரை அதிகமாகத் தெளித்து ஒரு மயிலின் வாலைக் கரைத்தது நான்தான்.

ஒரு சந்தேகம்: முதல் பதிவு எழுதியவர் இப்போது என்ன லென்ஸ் வைத்திருக்கிறார்?

முதல் பதிவு எழுதியவர்:

மயில் வாலுக்கு என் அனுதாபம். அந்த 85-ஐ விற்றுவிட்டேன். இப்போது 35 மி.மீ. ஒன்றுதான். அது அகலமாகக் காட்டும் லென்ஸ். ஆள் படம் நிறைய வர வேண்டுமானால் பேசும் தூரத்துக்குப் போயே ஆக வேண்டும், உடுப்பும் வெட்டுப்படாது.