கேர்ள்ஃப்ரெண்டுகிட்ட நான் திருநம்பின்னு இன்னும் சொல்லல, எப்ப எப்படி சொல்றது?

தரமணி_27:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநம்பி, அதாவது பொண்ணா பொறந்து ஆம்பளையா வாழறவன், வயசு 27, ஓஎம்ஆர்ல வேலை. ஹார்மோன் ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆச்சு, தாடி வந்துடுச்சு, குரல் மாறிடுச்சு, ஆதார்ல பேரும் மாத்தியாச்சு, ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. டாப் சர்ஜரி, அதாவது மார்பகத்த எடுக்கற ஆபரேஷன் மட்டும் இன்னும் பண்ணல, காசு சேத்துட்டு இருக்கேன், அதனால தினமும் மார்ப இறுக்கிப் பிடிக்கற பைண்டர் உள்ள போட்டுட்டுதான் வெளிய போவேன்.

அஞ்சு மாசமா ஒரு பொண்ணோட பழகிட்டு இருக்கேன். சாயங்காலம் ரெண்டு பேரும் பெருங்குடி ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறுவோம், நான் திருவான்மியூர்ல எறங்கணும், ஆனா அவ பேசிட்டே வருவா, எறங்க மனசு வராது, திருமயிலை வரைக்கும் போய் அவள விட்டுட்டு அடுத்த ரயில்ல திரும்பி வருவேன். எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு.

முத்தம் வரைக்கும் வந்தாச்சு. போன மாசம் பீச்ல பின்னாடி இருந்து கட்டிப்பிடிச்சா, அவ விரல் பைண்டர் ஓரத்துல மாட்டிக்கிச்சு. என்னடா இது இவ்ளோ டைட்டா இருக்குன்னு கேட்டா. முதுகுவலி, டாக்டர் பெல்ட் போட சொன்னாருன்னு சொல்லிட்டேன், வாயில அதான் வந்துச்சு. அன்னைலேர்ந்து தினம் முதுகு எப்படி இருக்குன்னு கேக்கறா. போன வாரம் அவங்க பாட்டி வீட்லயே காய்ச்சின தைலம்னு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி, மூடி மேல பிளாஸ்டிக் கவர் சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு கொண்டு வந்து குடுத்தா. அது என் டேபிள் மேலதான் இருக்கு. அதைப் பாக்கறப்ப எல்லாம் தொண்டை அடைக்குது.

இப்ப விஷயம் என்னன்னா அவ ரூம்மேட் இந்த சனி ஞாயிறு ஊருக்குப் போறா, நீ வந்து தங்கறியான்னு கேட்டுட்டா. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் லைட்ட ஆஃப் பண்ணிட்டு சமாளி, அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்ங்கறான். எனக்கு மனசு ஒப்பல. ஆனா சொன்னா அவ விட்டுட்டுப் போயிடுவாளோன்னும் பயம், அவ அண்ணனுங்களுக்குத் தெரிஞ்சு ஆபீஸ் வரைக்கும் வந்துடுமோன்னும் பயம். அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

வியாசர்பாடி_அக்கா:

தம்பி, நான் திருநங்கை, ஆணா பொறந்து பொண்ணா வாழறவ, வயசு 44. அந்த ஃப்ரெண்ட் பேச்சக் கேக்காத. இது நான் பட்டது, அதான் சொல்றேன்.

இருபத்தஞ்சு வயசுல ஒருத்தர விரும்பினேன். எனக்கு அப்பவே நிர்வாணம், அதான் பொண்ணா மாறுற ஆபரேஷன் ஆயிடுச்சு, பாத்தா தெரியாது, சொல்ல வேண்டிய அவசியம் இல்லன்னு நெனச்சேன். ஒரு நாள் லாட்ஜ்ல ரூம் போட்டு உள்ள போனதுக்கு அப்புறம்தான் அவனுக்கு சந்தேகம் வந்துச்சு, கேட்டான், அந்த எடத்துல பொய் சொல்ல முடியல. கதவுக்கும் எனக்கும் நடுவுல அவன் நிக்கறான். அடி வாங்கிட்டு செருப்பு கூட போடாம படி எறங்கி ஓடினேன், கண்ணாடி வளையல் ஒடைஞ்சு கையில குத்தினது வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுது. அவன் அடிச்சதுக்கு நான் சொல்லாதது காரணம் இல்லப்பா, அத நல்லா புரிஞ்சுக்க, அடிச்சது அவன் குத்தம். ஆனா சொல்ற எடம் என் கையில இருந்துச்சு, அத நான் விட்டுட்டேன்.

அதனால நீ அவ ரூமுக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லு. ஜனங்க நடமாட்டம் இருக்கற எடமா பாரு, ஆனா பக்கத்து பெஞ்ச்ல பேசறது காதுல விழற மாதிரி நெருக்கமாவும் இருக்கக் கூடாது. இருட்டறதுக்குள்ள பேசு. ரெண்டு பேரும் தனித்தனியா வீட்டுக்குப் போற வழி இருக்கணும். நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட எங்க போற, எத்தன மணிக்கு போன் பண்ணுவேன்னு சொல்லிட்டுப் போ. பொண்ணு தங்கமான பொண்ணாவே இருக்கட்டும், இத செஞ்சுட்டுதான் போகணும்.

பெயர்_தேவையில்லை:

எதுக்கு சுத்தி வளைக்கறீங்க, இது ஏமாத்து வேலைதான். மொத நாளே சொல்லியிருக்கணும். அந்தப் பொண்ணு நெலமைய யாராவது யோசிச்சீங்களா?

மந்தைவெளி_பொண்ணு:

அந்தப் பொண்ணு நெலமைல இருந்தவ நான், அதனால நானே சொல்றேன். என் பார்ட்னர் திருநம்பி, சேந்து வாழ ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுது. மொத நாளே பேர் தெரியாத ஒருத்திகிட்ட சொல்லி, அவ ஆபீஸ், வீட்டு ஓனர்னு பரப்பி விட்டா அவன் வேலையும் போகும் வீடும் போகும். எங்கிட்ட மூணாவது மாசம் சொன்னான், என்னப் பத்தி தெரிஞ்சுக்கிட்டு சொன்னான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. படுக்கைக்கு முன்னாடி சொன்னான் பாருங்க, அதுதான் எனக்குப் பெருசு. தெரிஞ்சுக்கிட்டு சரின்னு சொல்றதுக்கோ வேண்டாம்னு சொல்றதுக்கோ எனக்கு எடம் குடுத்தான்.

தரமணி, உண்மைய சொல்லணும்னா எனக்கு வலிச்சது அவன் திருநம்பிங்கறது இல்ல, நடுவுல சொன்ன சின்ன சின்ன பொய்ங்கதான். ஸ்கூல் போட்டோ எல்லாம் வெள்ளத்துல போச்சுன்னு சொல்லியிருந்தான், நான் அதுக்காக அழுதிருக்கேன். அதனால நீங்க தைலத்துலேர்ந்தே ஆரம்பிங்க. எனக்கு முதுகுவலி இல்ல, அன்னைக்கு பயத்துல சொன்னேன், அதுக்கு மன்னிப்பு கேக்கறேன்னு சொல்லுங்க. அந்தப் பொய்க்கு மட்டும்தான் மன்னிப்பு. நீங்க திருநம்பியா இருக்கறதுக்கு மன்னிப்பு கேக்காதீங்க, கேட்டா அவளும் அதை ஒரு தப்பாதான் பாப்பா.

அப்புறம் வாயத் தொறந்து ஒடம்பப் பத்தியும் பேசணும். சர்ஜரி எது ஆச்சு எது ஆகல, எங்க தொட்டா பிடிக்கும், எங்க தொடவே கூடாது, எந்த உறுப்ப எந்த வார்த்தைல சொல்லணும். இவன் மார்ல கை வெக்கக் கூடாது, பனியன் கழட்ட மாட்டேன்னு முன்னாடியே சொன்னான், அது தெரியலன்னா என்னப் பிடிக்கலன்னு நெனச்சிருப்பேன். ஆனா இதெல்லாம் அன்னைக்கே வேண்டாம், அவ மொதல்ல ஜீரணிக்கட்டும். நான் மூணு வாரம் பேசல. அவன் போன் பண்ணி தொல்லை பண்ணல, இத யார்கிட்டயும் சொல்லாத, பேசணும்னு தோணிச்சுன்னா எங்கிட்ட கேளுன்னு ஒரே ஒரு மெசேஜ்தான் போட்டான்.

ஜூனியர்_வக்கீல்:

சட்டம் பக்கம் கொஞ்சம் சொல்றேன். 2014 ஏப்ரல் 15ல, நால்சான்னு சொல்ற திருநங்கை, திருநம்பி உரிமை வழக்குத் தீர்ப்புல ஒருத்தர் தன் பாலினத்த தானே சொல்லிக்கலாம், அதுக்கு ஆபரேஷன் கட்டாயம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. அதனால நீங்க ஆம்பளைன்னு பழகறது பொய் வேஷம் ஆகாது. ஆனா பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா 2024 ஜூலை 1லேர்ந்து அமல்ல இருக்கற பாரதிய நியாய சன்ஹிதால 69னு ஒரு பிரிவு இருக்கு, ஒரு பொண்ண ஏமாத்தி உடலுறவு வெச்சா பத்து வருஷம் வரைக்கும் தண்டனை, அடையாளத்த மறைச்சு கல்யாணம் பண்றதையும் ஏமாத்துல சேத்திருக்காங்க. திருநம்பிய மனசுல வெச்சு எழுதின பிரிவுன்னு நான் சொல்ல வரல, ஆனா கோவத்துல இருக்கற குடும்பம் எதையும் எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போகும். முன்னாடியே சொல்லி, அவங்க தெரிஞ்சே சம்மதிச்சா அந்த பயம் பெரும்பாலும் போயிடும்.

அண்ணனுங்க பொண்ணக் காணோம்னு புகார் குடுத்தா என்ன பண்றதுன்னு யோசிச்சா, 2021 ஜூன் 7ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த மெட்ராஸ் ஐகோர்ட் உத்தரவு ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் மேஜர், விருப்பப்பட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சா போலீஸ் வாக்குமூலம் வாங்கிட்டு புகார முடிக்கணும், தொல்லை பண்ணக் கூடாதுன்னு அதுல இருக்கு. பிரிண்ட் எடுத்து வெச்சுக்கங்க. நாளைக்கு கல்யாணம்னு வந்தா, ஆண் பெண் உறவுல இருக்கற திருநம்பி, திருநங்கைக்கு ஏற்கனவே இருக்கற சட்டத்துலயே கல்யாணம் பண்ற உரிமை உண்டுன்னு 2023 அக்டோபர் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

தரமணி_27:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே ஒக்காந்திருந்தேன். சனிக்கிழமை ரூமுக்கு வரல, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும், பெசன்ட் நகர் பீச்சுக்கு அஞ்சு மணிக்கு வரியான்னு இப்பதான் மெசேஜ் போட்டேன். சரி, முதுகு வலிச்சா ரொம்ப நேரம் ஒக்காராதன்னு பதில் வந்துச்சு. தைலத்த எடுத்துட்டுப் போறேன்.

வியாசர்பாடி_அக்கா:

நல்லது கண்ணு. சாப்பிட்டுப் போ, வெறும் வயித்துல போகாத. எட்டு மணிக்கு இங்க ஒரு வரி போடு, நான் போனும் கையுமா இருப்பேன்.