என்ட்ரோபி: வரையறை தெரிகிறது, கணக்கு வரவில்லை

வேலை பார்த்துக்கொண்டே இயற்பியல் படிக்கிறேன். தேர்வுக்கு 6 வாரங்களே உள்ள நிலையில், வெப்ப இயக்கவியலில் என்ட்ரோபி (ஓர் அமைப்பின் ஒழுங்கின்மையைக் குறிக்கும் அளவு) என்ற ஒரே அத்தியாயத்தில் 2 மாதங்களாக நின்றுகொண்டிருக்கிறேன்.

நான்கு முறை வாசித்துக் கோடிட்டதில் பக்கங்கள் மஞ்சளாயினவே தவிர வேறு பயன் இல்லை. 25 நிமிடம் படித்துச் சிறிது ஓய்வெடுக்கும் பொமோடோரோ முறை நாற்காலியில் உட்கார வைத்தது. ஆனால் பத்தாவது நிமிடமே கண் வரியில் இருக்க, மனம் எங்கோ போய்விடுகிறது. ஆங்கி செயலியில் அட்டைகள் தயாரித்து, இடைவெளி விட்டு மீள்பார்வை செய்ததால் வரையறைகள் மட்டும் நன்றாகப் பதிந்துள்ளன.

சிக்கல் கணக்கில்தான். காப்பிடப்பட்ட கலத்தில் வாயு வெற்றிடத்துக்குள் இருமடங்காக விரியும்போது, வெப்பப் பரிமாற்றம் இல்லாததால் என்ட்ரோபி மாற்றமும் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாத மீளாச் செயல்முறை என்பதும், அதே தொடக்க, இறுதி நிலைகளை இணைக்கும் ஒரு மீள் பாதையை (ஒவ்வொரு படியிலும் பின்னோக்கித் திருப்பக்கூடிய பாதையை) கற்பனை செய்துதான் கணக்கிட வேண்டும் என்பதும் விடையைப் பார்த்த பிறகே உறைத்தன. புத்தகத்தை மூடிவிட்டால் மறுபடியும் முதல் வரியே எழுத வரவில்லை.

எனக்குக் கிடைப்பது இரவில் ஒரு மணி நேரம். இத்தகைய பாடத்தில் தேறியவர்கள், முதலில் கணக்கைத் தொடங்கித் தடுமாறிய பின் பாடத்தை வாசித்தீர்களா, பாடத்தை முடித்துவிட்டுக் கணக்குக்குப் போனீர்களா?