ஊபே சிஃபான் கேக்: நிறம் பற்றிய புதுப்பிப்பு

ஊபே என்ற ஊதாக் கிழங்கில் செய்யும் பிலிப்பைன்ஸின் பஞ்சு போன்ற சிஃபான் கேக்கின் நிறம் ஓவனில் ஏன் சாம்பலாக மங்குகிறது என்று போன பதிவில் கேட்டிருந்தேன். சமையல் சோடாவின் காரத்தன்மைதான் காரணம் என்று நீங்கள் சொன்னது சரிதான். கிழங்கின் நிறம் ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமி. அமிலத்தில் சிவப்புப் பக்கம் சாயும், காரத்தன்மை கூடினால் நீலம், பச்சை என்று போகும். மஞ்சள் கருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் சமையல் சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் மட்டும் போட்டேன்; வெள்ளைக்கருவை அடிக்கும்போது கொஞ்சம் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற அமிலத் தூள். நிறம் தேறியது. ஆனாலும் கடைக் கேக்கின் பளீர் ஊதா இல்லை. அது பெரும்பாலும் ஊபே எசன்ஸில் இருக்கும் சாயம். அப்புறம் நானும் அரைத் தேக்கரண்டி ஊற்றினேன், அதில் வெட்கம் என்ன?

அச்சில் வெண்ணெய் தடவலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. மாவு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறும். வெந்ததும் அச்சோடு தலைகீழாகக் கவிழ்த்து, முழுக்க ஆறிய பிறகே எடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கவலையில்லை, ராசவள்ளிக்கிழங்கும் இதே இனம்தான். வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். ஈரம் அதிகமென்றால் பாலைக் குறையுங்கள். மேலே மக்காபுனோ என்ற, ஜெல்லி போல மென்மையான பருப்புள்ள தேங்காயை வைப்பார்கள். எனக்குக் கிடைக்கவில்லை, கிழங்கைப் பாலும் வெண்ணெயும் விட்டுக் கிளறிய ஊபே ஹலாயாவைத் தடவிவிட்டேன்.